ஒழுகுகிற பக்கம்

"நான் எப்போ வரைய ஆரம்பிக்கலாம், அம்மா?" என்று கேட்டார் உலகநாதன்.

வடிவு திரும்பிப் பார்க்கவில்லை. பட்டறை வாசலில் நின்ற லாரியின் பின்கதவில் ஒரு மயிலுக்கு வால் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப மணி என்ன சார்?"

"பத்து பத்து."

"அப்ப பத்து பதினொண்ணுக்கு ஆரம்பிக்கலாம்."

உலகநாதன் சிரித்தார். ஞானிகள் விளையாட்டாகத்தான் பேசுவார்கள் என்று எங்கோ படித்திருந்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "நான் நிஜமாவே கேக்குறேன்" என்றார்.

வடிவு மயிலுக்குக் கண் வைத்தாள்.

"இப்ப மணி?"

"பத்து பன்னிரண்டு."

"பிந்திட்டீங்க" என்றாள்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்கு முப்பத்தெட்டு.

உலகநாதன் நில அளவைத் துறையில் இருந்தவர். கை நல்ல கை. வேலையில் இருந்த காலத்தில் புல வரைபடங்களின் முதுகில் தாசில்தாரின் மூக்கை வரைவார். ஆபீசே வந்து பார்த்துவிட்டுப் போகும். தாசில்தார்கூட ஒருமுறை பார்த்துவிட்டு, யார் மூக்கு என்று தெரியாமல் பாராட்டினார்.

இத்தனை நல்ல கையை வேலி அளக்க விடுவதா என்று விருப்ப ஓய்வு வாங்கினார். ஒன்பது வருஷம் ஆகிறது.

அன்றிலிருந்து ஒரு கோடு போட்டதில்லை.

சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. முதல் வருஷம் எந்த அறையில் வரைவது என்று யோசித்தார். இரண்டாம் வருஷம் அந்த அறைக்கு வடக்கே ஜன்னல் உடைத்தார். பிறகு தூரிகை வாங்கினார். நாற்பத்திரண்டு தூரிகை, மெலிந்ததிலிருந்து பருத்தது வரை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. கறுப்பு ஒரு நிறமா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு முழு வருஷம் படித்தார்.

சென்னையில் வாங்கிய வெளிநாட்டு கான்வாஸ் ஒன்று அந்த அறையின் நடுவில் நின்றது. நாலடிக்கு மூன்றடி. பால் மாதிரி வெள்ளை. வாரம் ஒருமுறை தூசி தட்டுவார். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைப்பார். கான்வாஸில் வைக்க மனசு வராது. அது நின்ற ஸ்டாண்டின் காலில் வைப்பார்.

அதில் வரைய வேண்டியது அவர் அப்பாவை.

அப்பா வைத்திலிங்கம் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். எண்பத்து நாலு வயது. முப்பத்தெட்டு வருஷம் பச்சைக்கொடி காட்டியவர். கிளம்பாத வண்டியைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து உட்காருவார். உலகநாதன் எதிரே நின்று, கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளப்பார். மறு கண்ணை மூடி அளப்பார். ஒரு மேகம் வரும்.

"வெளிச்சம் சரியில்லப்பா."

ஒன்பது வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் ஏதோ ஒரு மேகம் வந்தது.

உலகநாதனின் மனைவி மங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஆவணியில் ஒரு ஞாயிறு. உலகநாதன் பென்சிலைக் கீழே வைத்து, "வெளிச்சம் சரியில்லப்பா" என்றார்.

"எனக்கும்தான்டா. காலையிலேருந்து" என்றார் அப்பா.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, இடது கண் போய்விட்டது என்றார். வலது கண் பொங்கல் வரைக்கும் தாங்கினால் பெரிது என்றார். மூன்று வேளைக்கும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

ஆட்டோவில் திரும்பினார்கள். வீட்டுத் தெரு திரும்பியதும் அப்பா சொன்னார்.

"டேய், எனக்குக் கண்ணு போறதுக்குள்ள வரைஞ்சுடு. அப்புறம் நீ ஒரு கழுதைய வரைஞ்சு, இதுதான்பா நீங்கன்னு சொன்னாலும் நான் நம்பித்தான் ஆகணும்."

அன்று இரவு உலகநாதனுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை வரைந்தாரா என்றால், இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு புத்தகம் வாங்கினார்.

அந்தப் புத்தகத்தோடு செங்கம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோதுதான் அந்த மாட்டைப் பார்த்தார். ஒரு பருத்திக்கொட்டைக் கடையின் சுவரில் நின்றது. சுவரை விட்டுக் கிளம்பிவிடும் போல இருந்தது.

"யார் வரைஞ்சது?"

"வடிவுன்னு ஒரு பொம்பள. மலையடிவாரத்துல பட்டறை இருக்கு. காலையில வந்துச்சு. என்ன வரையணும்னுகூடக் கேக்கல. வரைஞ்சுது, இட்லி சாப்பிட்டுது, போயிருச்சு."

உலகநாதன் கல்யாணத்தை மறந்தார்.

வடிவின் பட்டறை ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். கோயில் குதிரையிலிருந்து லாரி முதுகு வரை அவள் எல்லாவற்றுக்கும் வண்ணம் அடிப்பாள். குரு என்று யாராவது கூப்பிட்டால் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள்.

ஒன்பது வருஷத்தையும், பென்சில் அளவையும், மேகங்களையும் சொல்லி முடித்துவிட்டு, "தினம் வரட்டுமா?" என்று கேட்டார் உலகநாதன்.

"பஸ் ஓடுதுல்ல, வாங்க" என்றாள்.

மறுநாள் அவர் கான்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டுக் கொண்டுவந்தார். பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் போட்டார்கள்.

வடிவு அதை விரித்துப் பார்த்தாள். தடவினாள். மோந்தாள்.

"நல்ல துணி" என்றாள். சுருட்டித் திரும்பக் கொடுத்தாள். அவர் அதைக் குழாயோடு பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

அதற்கு மேல் ஏதாவது சொல்வாள் என்று உலகநாதன் காத்திருந்தார். அவள் பட்டறை மூலையில் நின்ற ஆட்டைக் காட்டினாள்.

"அத வரைங்க."

உலகநாதன் பலகையில் காகிதத்தைப் பொருத்தினார். பென்சிலைச் சீவினார். முனை கொஞ்சம் சாய்வாக இருந்தது, திரும்பச் சீவினார். ஆட்டை எந்தக் கோணத்தில் பார்ப்பது என்று இடம் மாறினார். பலகையை மடியில் வைத்துக்கொண்டு, ரப்பரைத் தேடிப் பைக்குள் குனிந்தார்.

நிமிர்ந்தபோது காகிதத்தில் பாதி இல்லை.

ஆடு மென்றுகொண்டிருந்தது.

"அது ஆரம்பிச்சிருச்சு சார்" என்றாள் வடிவு.

மூன்றாம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

வடிவு ஒரு முக்காலியைப் போட்டு, "இங்க உக்காருங்க" என்றாள். உலகநாதன் பணிவோடு உட்கார்ந்தார். உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது.

அவர் நகர்ந்தார்.

"இங்கயே இருங்க சார். இந்தப் பக்கம் பெயிண்ட் காயுது."

இன்னொரு சொட்டு. மூன்றாவது சட்டைக் காலருக்குள் போனது. ஞானம் இப்படித்தான் வருமோ என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். தண்ணீர்தான் வந்தது.

"அம்மா, கூரை ஒழுகுது."

"ஆமா சார். ரெண்டு வருஷமா ஒழுகுது."

"சரி பண்ணலையா?"

"பண்ணணும். யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"என்ன யோசனை?"

"எந்த ஓட்டுலேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

நாலாம் நாளும் மழை. அதே முக்காலி. அதே சொட்டு.

"நல்ல ஓடு மங்களூர்ல கெடைக்குமாம். ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரலாமான்னு இருக்கேன்" என்றாள் வடிவு.

"ரெண்டு ஓடு மாத்துறதுக்கு மங்களூரா?"

"சும்மா ஏறிட முடியுமா சார்? ஓட்டப் பத்தி நாலு விஷயம் படிச்சுத் தெரிஞ்சுக்கணும்ல."

அவர் பல்லைக் கடித்தார். ஒரு ஏணியும் இரண்டு கையும் இருக்கிற மனுஷி பேசுகிற பேச்சா இது?

ஐந்தாம் நாள் சொட்டு தாரையாக மாறியது. ஒரு பள்ளிக்கூடத்துக்காக அவள் எழுதி முடித்திருந்த பலகை மேல் விழுந்தது. 'அரசு' இருந்தது, 'நடுநிலை' கரைந்து ஓடத் தொடங்கியது.

"அம்மா! பலகை நனையுது!"

வடிவு ஓட்டை அண்ணாந்து பார்த்தாள். ஒரு கண்ணை மூடினாள். கையிலிருந்த தூரிகையை நீட்டி அளந்தாள். பெருமூச்சு விட்டாள்.

"வெளிச்சம் சரியில்ல சார்" என்றாள்.

உலகநாதனுக்கு வந்ததே கோபம்!

"என்னம்மா பேசுறீங்க? இதெல்லாம் ஒரு வேலையா?"

வேட்டியை மடித்துக் கட்டினார். ஏணியைச் சாய்த்தார். ஐம்பத்தாறு வயது உடம்பு கொட்டுகிற மழையில் கூரை மேல் ஏறியது. இரண்டு ஓடு பிளந்திருந்தது. கீழே சட்டத்தில் ஒரு முழத்துக்கு இடைவெளி. பிளந்ததைப் பிடுங்கினார். பக்கத்து ஓட்டைத் தள்ளினார். மேல் வரிசையிலிருந்து ஒன்றை இறக்கினார். அப்போதும் இடைவெளி வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"ஏதாவது குடுங்க! தார்ப்பாய், கோணி, ஏதாவது!"

"ஒண்ணும் இல்லையே சார்!"

"ஒரு துணி இல்லையா வீட்டுல?"

கீழே ஏதோ உருளுகிற சத்தம். பிறகு வடிவு ஏணியில் பாதி ஏறி, கையை நீட்டினாள்.

"இதுதான் இருக்கு."

வெள்ளையாக இருந்தது. நாலடிக்கு மூன்றடி.

உலகநாதன் அதைப் பார்த்தார். மழை அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. உள்ளே பலகையில் 'நடுநிலை'யின் கடைசி எழுத்தும் போய்க்கொண்டிருந்தது.

வாங்கினார். விரித்தார். காற்று தூக்கியது. ஒன்பது வருஷம் தூசி படாத துணி மேல் சேற்று முழங்காலை வைத்து அழுத்தினார். ஓரங்களை மடித்துச் சொருகி, மேலே ஓடுகளை வரிசையாக அடுக்கினார்.

சொட்டு நின்றது.

கீழே இறங்கியபோது கைமுட்டியில் ரத்தம். முகத்தில் ஒரு வெற்றி. வடிவு டீ டம்ளரை நீட்டினாள்.

"ரெண்டு வருஷமா எனக்கு இதுதான் சார் புரியல. எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சீங்க?"

"இது என்னம்மா கேள்வி? ஒழுகுற பக்கத்துலேருந்துதான்."

வடிவு தலையாட்டினாள். டீயை ஊதிக் குடித்தாள்.

உலகநாதனின் டம்ளர் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

வெகுநேரம் நின்றது.

பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

"சார்! துணி!"

"இருக்கட்டும்!" என்ற சத்தம் மழைக்குள்ளிருந்து வந்தது.

வீட்டுக்குள் அவர் நுழைந்தபோது மதியம் இரண்டு மணி. அப்பா கூடத்துச் சுவரோரம் நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பனியன்தான் போட்டிருந்தார். அப்போதுதான் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள்; கண்ணுக்குள் நின்றது கொஞ்சம், கன்னச் சுருக்கத்தில் வழிந்தது மீதி.

"யாரு?"

"நான்தான்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?"

"வியாழன்."

அப்பாவுக்கு அவர் குரலில் ஏதோ புரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். "இரு, சட்டை போட்டுக்கிட்டு வரேன்."

"வேணாம். அசையாதீங்க."

அறைக்குள் ஓடினார். வரிசையாக நின்ற நாற்பத்திரண்டில் கைக்குக் கிடைத்ததை எடுத்தார். வண்ணக் குழாய்களின் மூடி இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துத் திருகினார். பாதிக்கு மேல் உள்ளே கல்லாகக் கிடந்தது. பழுப்பும் நீலமும் வந்தன.

கூடத்துக்கு வந்தார். கான்வாஸ் இல்லை. காகிதம் எங்கே என்று ஞாபகமில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் சுவர் இருந்தது.

கன்னத்தில் வழிந்த அந்த ஈரக்கோட்டைப் போட்டார்.

அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று மேலே போனார், கண் வந்தது. கண்ணுக்கு மேல் புருவம் தானாக வந்தது. மூக்கு வந்தது. வாய் வரும்போது அப்பா ஏதோ முணுமுணுத்தார். முணுமுணுக்கிற வாயே வந்தது. அளக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் வந்தது, போனது, இரண்டையும் அவர் பார்க்கவில்லை. ஒரு காது வந்தது. இன்னொரு காதுக்குப் போனபோது சுவிட்ச் பெட்டி வந்துவிட்டது, அங்கே நிறுத்தினார்.

மங்கை சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். போன தை மாதம் வெள்ளையடித்த சுவரைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"ஆச்சாடா?" என்றார் அப்பா.

"ஆச்சுப்பா."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, வலது கண்ணால் மேலிருந்து கீழே பார்த்தார்.

"மூக்கு பெரிசா இருக்கு."

"உங்க மூக்கு பெரிசுதான்பா."

"ஒரு காதக் காணோம்."

"சுவிட்ச் வந்துடுச்சு."

அப்பா இன்னும் கிட்டப் போனார். மூக்கும் மூக்கும் இடித்தன. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது நான் இல்லடா" என்றார்.

உலகநாதனின் கையிலிருந்த தூரிகை தாழ்ந்தது.

"இது எங்கப்பா."

அந்த மனிதரை யாரும் போட்டோ எடுத்ததில்லை. வைத்திலிங்கத்துக்குப் பதினோரு வயதில் போய்விட்டவர். அவர் முகம் எப்படி இருக்கும் என்று உலகநாதன் சின்ன வயதில் பலமுறை கேட்டிருக்கிறார். மறந்துபோச்சுடா என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வரும்.

அப்பா விரலை நீட்டி அந்தக் கன்னத்தைத் தொட்டார். விரலில் பழுப்பு ஒட்டியது. அதைத் துடைக்கவில்லை.

பின்னாலேயே தடவிக்கொண்டு போய் நாற்காலியைத் தேடிப் பிடித்தார். அதைச் சுவிட்சுக்கு அந்தப் பக்கம், வெறும் சுவர் இருந்த இடத்துக்கு இழுத்தார். உட்கார்ந்தார். பனியனை நீவிவிட்டுக்கொண்டார். தலையை நிமிர்த்தினார்.

"சரி" என்றார். "இப்ப என்னைய வரை."