முழங்கால் மடக்காத ராஜா

பனி பெய்து பெய்தே வெளுத்துப்போன ஒரு மலைநாட்டைச் சித்திரகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். குளிர்காலம் வந்துவிட்டால் அங்கே யாரும் நடப்பதில்லை. காலணிக்கு அடியில் நீளமான மரப்பலகையைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் சறுக்கித்தான் போவார்கள். ராஜா மட்டும் பல்லக்கில் போவார். பக்கத்து நாட்டு ராஜா சறுக்குகிறார் என்று கேள்விப்பட்டதும் இவருக்கும் ஆசை வந்துவிட்டது.

காலணி தைக்கும் கோமளையை அரண்மனைக்கு அழைத்தார்கள். அவள் ராஜாவின் பாதங்களை ஈரக் களிமண்ணில் பதித்துப் பார்த்தாள். வலது பாதம் இடதைவிடக் கொஞ்சம் நீளம். இடது கணுக்கால் எலும்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதற்கு ஏற்றபடி மரத்தில் இரண்டு அச்சுகள் செதுக்கி, அவற்றின் மேல் தோலை இழுத்துத் தைத்துக் கொண்டுவந்தாள்.

நிறைந்த சபையில் ராஜா காலணிகளை அணிந்து நிமிர்ந்து நின்றார்.

"விரல் முட்டுகிறது," என்றார்.

தளபதி வச்சிரபாகு இதற்காகவே காத்திருந்தார். "நான் அப்போதே சொன்னேன், அரசே. படையில் எல்லாருக்கும் ஒரே அளவுதான். என் காலணியைப் பாருங்கள், உள்ளே ஊர்வலமே போகலாம். இவள் களிமண், கணுக்கால் என்று என்னென்னவோ பேசினாள். கடைசியில் ராஜாவின் காலையே நசுக்கிவிட்டாள்."

"காலையில் இவளைக் கணவாய்க்கு அப்பால் விட்டுவிடுங்கள்," என்றார் ராஜா. ஜன்னலைச் சாத்தச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் குளிர்காலத்தில் அந்தக் கணவாயைத் தாண்டியவர் எவரும் பிழைத்ததில்லை.

சபையில் நந்திவாணர் என்ற அமைச்சர் இருந்தார். அவர் மெல்லக் கோமளையிடம் போய், "ஏனம்மா, முட்டும்படியா தைப்பார்கள்?" என்று கேட்டார்.

"நிமிர்ந்து நின்னா முட்டத்தாங்க ஐயா வேணும். சறுக்கும்போது முழங்காலை முன்னால மடக்கித்தானே நிக்கணும்? மடக்கினா குதிகால் பின்னால போய் உக்காந்துக்கும். விரல் முட்டாது. இப்பவே தாராளமா தச்சா, மலையில கால் உள்ளே ஆடும். ஆள் விழுந்துருவாரு."

"இதை ராஜாவிடம் சொல்வதுதானே?"

"எப்படிங்க சொல்றது?"

அதுவும் சரிதான். நிற்கும்போது ராஜா முழங்காலை மடக்கினால் அது யாரையோ வணங்குவது போல ஆகிவிடுமாம். மடக்கச் சொல்பவருக்கும் தண்டனை உண்டு. அது அந்த நாட்டுச் சட்டம்.

நந்திவாணர் சிம்மாசனத்தின் முன்னால் வந்தார். "அரசே, தீர்ப்பு சரியானது."

கோமளை அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒரே ஒரு குறை," என்று தொடர்ந்தார் அவர். "இளவரசராக இருந்தபோது தாங்கள் கரடியை எதிர்கொண்ட வரலாற்றை இவள் தங்கள் வாயால் கேட்டதில்லை. வெளிநாட்டில் யாராவது விசாரித்தால் என்ன சொல்வாள்?"

சபையில் இருந்தவர்கள் தூண்களில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். கரடிக் கதை சின்னக் கதை அல்ல.

"நியாயம்தான்," என்றார் ராஜா. "கேள் பெண்ணே. அடர்ந்த காடு. நான் ஒரு பாறைக்குப் பின்னால் இப்படிப் பதுங்கினேன்."

சொல்லிக்கொண்டே முழங்கால்களை மடக்கிப் பதுங்கினார். கதைக்காக மடக்குவதைச் சட்டம் கண்டுகொள்வதில்லை. கரடி இடப்பக்கம் மோப்பம் பிடித்தது. ராஜா இடப்பக்கம் சாய்ந்தார். கரடி வலப்பக்கம் திரும்பியது. ராஜாவும் திரும்பினார். போன வருடத்தைவிடக் கரடி நன்றாக வளர்ந்திருந்தது. ஒருவழியாக அது செத்து விழுந்தது.

"அரசே, அப்படியே இருங்கள்," என்றார் நந்திவாணர். "விரல் முட்டுகிறதா?"

ராஜா காலணிக்குள் விரல்களை அசைத்துப் பார்த்தார். "இல்லையே."

"குதிகால் ஆடுகிறதா?"

"இல்லை. யாரோ பிடித்துவைத்தது போல இருக்கிறது." எழுந்து நின்றார். "முட்டுகிறது." பதுங்கினார். "முட்டவில்லை." மறுபடியும் எழுந்தார். சபையின் தலைகள் அவரோடு ஏறி இறங்கின.

"சபையில் நிற்பவருக்காகக் கோமளை இதைத் தைக்கவில்லை, அரசே. கரடியை எதிர்கொண்டவருக்காகத் தைத்திருக்கிறாள். மலையில் சறுக்கப்போகிறவர் அவர்தானே?"

"சபை வேறு, மலை வேறு," என்றார் தளபதி.

ராஜா யோசித்தார். "காலையில் மலையே சொல்லட்டும். நான் விழுந்தால் இவள் கணவாய்க்குப் போகட்டும். தளபதியாரே, நீரும் உம்முடைய காலணியோடு வாரும்."

விடிந்தது. கோமளை மலையடிவாரத்தில் மூட்டையோடு நின்றாள். இரண்டு பக்கமும் காவலர்கள். பக்கத்தில் நந்திவாணர்.

"கரடியை நினைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்," என்றார் அவர்.

"மறந்துட்டாருன்னா?"

"அதை அவர் மறந்து நான் பார்த்ததில்லை."

உச்சியிலிருந்து ராஜா புறப்பட்டார். பதுங்கினார். இடப்பக்கம் சாய்ந்தார். வலப்பக்கம் திரும்பினார். வாய் ஏதோ முணுமுணுத்தபடியே இருந்தது. ஓர் இடத்திலும் விழாமல் கோமளையின் எதிரே வந்து நின்றார்.

"இவளை விடுங்கள்," என்றார். காவலர்கள் விலகினார்கள். "உனக்கு என்ன வேண்டும், கேள்."

"படைக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க காலை அளந்து தச்சுக் குடுக்கணும் மகாராஜா. பாவம், உள்ளே கந்தல் துணியை அடைச்சுக்கிட்டு ஓடுறாங்க."

"படை விஷயத்துக்குத் தளபதியின் சம்மதம் வேண்டும். எங்கே அவர்?"

நந்திவாணர் கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சரிவைப் பார்த்தார். "பாதி வந்துவிட்டார், அரசே."

மீசை வைத்த ஒரு பெரிய பனி உருண்டை உருண்டு வந்து ராஜாவின் காலடியில் நின்றது. அதன் பாதங்களில் காலுறை மட்டும் இருந்தது.

"மீதி?" என்று கேட்டார் ராஜா.

"பலகையும் காலணியும் மேலேயே நிற்கின்றன. எல்லாருக்கும் பொருந்தும் அளவு அல்லவா? இறங்குவதற்கு வேறு யாருடைய காலாவது கிடைக்குமா என்று பார்க்கின்றன போலிருக்கிறது."

ராஜா சிரித்த சிரிப்பில் பக்கத்து மரங்களின் பனி பொலபொலவென்று உதிர்ந்தது. பனி உருண்டைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, சம்மதம் என்று ஆடியது.