ஏழு நாட்டாரும் ஒரு பிணையாளும்

முன்னொரு காலத்தில், ஆறு வளைந்தோடும் மருதஞ்சேரியைக் குணவீர வழுதி என்னும் அரசர் ஆண்டு வந்தார். நல்லவர்தாம், ஆனால், காலையில் ஒன்று மனத்தில் தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். அவருடைய ஊர் பெருநகரமும் அன்று, சிற்றூரும் அன்று. ஆண்டுக்கு இரண்டு தெருக்கள் கூடிக்கொண்டிருந்த ஊர்.

ஒருமுறை கடற்கரைப் பட்டினம் ஒன்றைக் கண்டு திரும்பிய அரசர், அவையில் அமர்ந்ததும் அமராததுமாகக் கேட்டார்: "அங்கே ஒரே வீதியில் ஏழு நாட்டாரைக் கண்டேன். நம் ஊர் எப்போது உலக நகரமாகும்?"

விழா அதிகாரி செண்பகராயர் துள்ளி எழுந்தார். அமைச்சர் திருவேகம்பர் வாய் திறக்குமுன் தாம் பேசிவிட வேண்டும் என்பது அவர் வாழ்நாள் நோன்பு. "பத்தே நாள்கள், அரசே! வாயிலை உயர்த்துகிறேன், கொடிகளை ஏற்றுகிறேன், ஏழு நாட்டாரையும் இதே அவையில் நிறுத்துகிறேன்!"

"ஒருவர் இங்கேயே இருக்கிறாரே," என்றார் அமைச்சர். "நம் குதிரை வைத்தியர் யாகூப், பாரசீகத்தவர்."

"அந்த லாயத்து ஆளா? வேட்டி கட்டிக்கொண்டு நம் தமிழையே பேசுகிறார். அவரைக் காட்டினால் அயல்நாட்டார் என்று எவர் நம்புவார்? மேலும், அவர் பத்தாம் நாள் ஊரை விட்டு வெளியேற வேண்டியவர்."

அது உண்மை. மருதஞ்சேரியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அயல்நாட்டார் இங்கே நிலையாகத் தங்க வேண்டுமானால், அவருக்கு முதன்முதலாகச் சோறிட்ட ஊரார்தாம் பிணை நிற்க வேண்டும். வேறு எவரும் நிற்கலாகாது. யாகூபுக்கு முதற்சோறு இட்டவர் ஒரு தனிக்கட்டைக் கிழவர். அவர் சென்ற மாதம் இறந்துவிட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் இவ்வூர்க் குதிரைகளையும் மாடுகளையும் காத்தவருக்கு இப்போது பிணை இல்லை; ஊரை விட்டுப் போகக் கொடுத்த தவணையும் பத்தாம் நாளோடு முடிகிறது.

"அரசே, அவருக்காக அந்த விதியைச் சற்றுத் தளர்த்தலாகாதா?" என்று அமைச்சர் கேட்டார்.

"முன்னோர் வகுத்த விதி. எவருக்காகவும் வளையாது."

"எவருக்காகவுமா?"

"எவருக்காகவும்!" என்று அரசர் அரியணையைத் தட்டினார். அமைச்சர் தலைவணங்கி அமர்ந்துவிட்டார். செண்பகராயருக்கோ வாயெல்லாம் பல்.

பத்தாம் நாள் முற்பகலில் அவை கூடியது. சீனர், சாவகர், அரபியர், யவனர் முதலாக எழுவர் பட்டும் தலைப்பாகையும் பளபளக்க வரிசையாக வந்து நின்றனர். "இவர்கள் நம் மொழி அறியார், அரசே," என்றார் செண்பகராயர்.

அரசர் மகிழ்ச்சியில் எழுந்தே விட்டார். "அருமை! எத்தனை நாள்கள் தங்குவார்கள்?"

"என்றென்றும், அரசே! இனி இதுவே இவர்கள் ஊர்."

"அப்படியானால் பிணை வேண்டுமே," என்றார் அமைச்சர் மெல்ல. "இவர்களுக்கு முதற்சோறு இட்ட வீட்டார் யார், செண்பகராயரே?"

செண்பகராயர் விழித்தார். சோறா? அதை அவர் நினைக்கவே இல்லை.

அரசரின் முகம் மாறியது. "பிணை இல்லையா? விதி விதிதான். காவலரே, இவர்களையும் இன்றே ஓடத்தில் ஏற்றி அக்கரைக் காட்டில் விட்டுவிடுங்கள்."

காவலர் நெருங்கினர். சீனர் செண்பகராயரைப் பார்த்தார்; யவனர் அவர் முதுகுக்குப் பின்னே ஒதுங்கினார். அப்போது, விடைபெற்றுச் செல்வதற்காக மூட்டையுடன் வாயிலில் நின்றிருந்த யாகூப் முன்னே வந்தார்.

"அரசே, இன்று காலை லாயத்தின் பின்புறம் இவர்கள் பசியோடு காத்திருந்தார்கள். கஞ்சி வார்த்தவன் நான். இவர்களுக்குப் பிணை நிற்கிறேன்."

"பிணை நிற்பவர் ஊராராக இருக்க வேண்டும்," என்றார் அமைச்சர். "யாகூப் ஊரார்தாமா? ஐயமாக இருக்கிறது."

"என்ன ஐயம்?" என்று செண்பகராயர் அலறினார். "இருபத்திரண்டு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர் ஊரார் இல்லை என்றால், வேறு எவர் ஊரார்? இவரைவிட ஊரார் ஒருவரைக் காட்டுங்கள், பார்ப்போம்!"

"விழா அதிகாரியே சொல்லிவிட்டார், அரசே."

"சரிதான். யாகூப் இவ்வூரார். பிணையை ஏற்றோம்," என்றார் அரசர்.

அவ்வளவுதான். சீன வணிகர் யாகூபின் கைகளைப் பற்றிக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும், வைத்தியரே! அப்படியே என் காளைக்கும் நாளைக்கு வந்து மருந்து கொடுத்துடுங்க!" என்றார்.

அவை ஒரு கணம் திகைத்தது. பிறகு தூண்கள் அதிரச் சிரித்தது. சீன வணிகர் வேறு எவரும் அல்லர்; செண்பகராயரின் மைத்துனர் காளத்தியப்பர்.

அரசர் மட்டும் சிரிக்கவில்லை. "அமைச்சரே, உமக்கு இது முன்பே தெரியுமா?"

"காலையில் லாயத்தின் பக்கம் சென்றேன், அரசே. சீனர் கஞ்சிக்கு ஊறுகாய் கேட்டுக்கொண்டிருந்தார்."

இப்போது அரசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது அவர் குரல் தணிந்திருந்தது. "அப்படியானால், நம் ஊர் உலக நகரமாகவே முடியாதா?"

"முடியும், அரசே. இவர் வந்த அன்றே அது தொடங்கிவிட்டது. நாம்தாம் இன்று மாலையோடு அதை முடித்துவைக்க இருந்தோம்."

அரசர் யாகூபின் மூட்டையைப் பார்த்தார். பின்னர், பத்தாண்டுகள் இங்கே உழைத்து வாழ்ந்தவர் எவராயினும் அவருக்குப் பிணை வேண்டாம் என்று ஆணையிட்டார். யாகூபை நோக்கி, "வைத்தியரே, உமக்கு என்ன வேண்டும்? கேளும்," என்றார்.

யாகூப் தயங்கினார். "போகிறவனுக்கு எதற்கு என்று இந்த ஆண்டு என் வீட்டுக் கூரையை வேயாமல் விட்டுவிட்டேன், அரசே. மழைக்குமுன் நாலு கட்டுக் கீற்றுக் கிடைத்தால் போதும்."

அன்று பிற்பகல், லாயத்துத் தெருவில் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். பாரசீகர் ஒருவரின் கூரைமேல் யவனரும் அரபியரும் ஏறி அமர்ந்து கீற்றுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சீனர் கயிறு எறிந்துகொண்டிருந்தார். கீழே, பட்டு மேலாடையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, செண்பகராயர் கீற்று முடைந்துகொண்டிருந்தார்.

"இன்னும் நெருக்கமாக முடையுங்கள், ஐயா," என்றார் யாகூப். "நான் இங்கேயே இருக்கப் போகிறவன்."