அறுபது சுற்று எங்கே போச்சு

சோமனூர்ப் பக்கம் தெய்வானை என்று ஒருத்தி. கருகிப்போன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பாள். அவளிடம் தொழில் படிக்க வந்தவர் ஆறுக்குட்டி. நூல் மில்லை மூடிவிட்டதால் ஐம்பத்திரண்டு வயதில் சிஷ்யர் ஆனவர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

பட்டறை ஒன்பதுக்குத் திறக்கும். அவர் ஒன்பதே காலுக்குத்தான் வருவார். தெய்வானை ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. அதுவே அவருக்கு உறுத்தல். மடியில் கனமில்லாதவள் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்?

ஒருநாள் பிடித்தே விட்டார்.

"அம்மிணி, புஸ்தகத்துல படிச்சேனுங்க. மோட்டார்ல கம்பி கட்டுல சுத்தற காந்த விசை நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுத்து. நீங்க கட்டுனதைப் பம்புல மாட்டி அளந்தேன். நடுவுல இருக்கற உருளை ஆயிரத்து நானூத்தி நாப்பதுதான் சுத்துது. மீதி அறுபது எங்கீங்க போச்சு?"

"எங்கீங்ண்ணா போயிருக்கும்?"

"கம்பியைக் குறைச்சிருக்கீங்க. சாயங்காலம் இதை எடுத்துட்டுப் போக மோட்டார்க்காரர் வருவாரு. அவருகிட்டச் சொல்லிப்போட்டு நான் நின்னுக்கறேன்."

அவர் சொன்னால் ஊர் நம்பும். அத்தோடு பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

தெய்வானை மூலையைக் காட்டினாள். "பிரிக்காத புது மோட்டாருங்க அது. அதையும் அளந்துருங்க."

அளந்தார். அதுவும் ஆயிரத்து நானூற்று நாற்பது.

"அப்பக் கம்பெனிக்காரனும் திருடறான்!"

தெய்வானை சிரித்துவிட்டாள். தன் சோற்றுப் பாத்திரத்தின் அலுமினிய மூடியை ஆணி முனையில் நிறுத்தினாள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்து, மூடியில் படாமல் மேலே வட்டம் போட்டாள். மூடி மெல்லச் சுற்றத் தொடங்கியது.

ஆறுக்குட்டி இடைவெளிக்குள் விரலை விட்டுத் துழாவினார். நூல் கீல் எதுவும் தட்டுப்படவில்லை.

"காந்தத்துல அலுமினியம் ஒட்டாதேங்க?"

"ஒட்டாதுதான். காந்தத்தைவிட மூடி பின்னாடி வருது பாருங்க. அதை விரலால தள்ளிச் சரிக்குச் சரியா ஓட்டுங்க."

ஓட்டினார்.

"இப்ப யாரு சுத்தறா?"

"என் விரலுங்க."

"காந்தம்?"

அவர் விரலில் கவனம் வைத்தார். "அது சும்மா கூட வருதுங்க."

"விரலை எடுங்க."

எடுத்தார். மூடி சற்றுத் தளர்ந்து பின்தங்கியது. பின்தங்கியதும் காந்தம் அதை மறுபடி இழுத்துக்கொண்டு போனது.

"அப்ப அந்த அறுபது பின்தங்குனாத்தான் காந்தம் இழுக்குமுங்களா?" என்றார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. "மோட்டார் எப்படீங்க?" என்றபடி உள்ளே வந்தார் மோட்டார்க்காரர்.

"எடுத்துட்டுப் போங்க. நல்லா இழுக்கும்," என்றார் ஆறுக்குட்டி.

வண்டி போன பிறகு தலையைச் சொறிந்தார். "அம்மிணி, நாளையிலிருந்து ஒம்பதுக்கே வந்தர்றேனுங்க."

"வேண்டாங்ண்ணா," என்றாள் தெய்வானை. "ஒம்பதே காலுக்கே வாங்க."