பந்திக் கதவு

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. அதனால்தான் தீர்ப்புச் சொல்வது கஷ்டம். நிதானமாகக் கேளுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் வெள்ளத்துரை என்பவர் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். அதில் நடக்கும் முதல் கல்யாணம் தன் மகள் வினோதினியுடையதாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மண்டபத்தின் பெயரைப் போட்டுப் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டார். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று ஒன்றுதான் வர வேண்டியிருந்தது.

வரைபடம் ஆவுடைச்செல்வியின் மேசைக்கு வந்தது. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் தப்பிக்க வழி இருக்கிறதா என்று வரைபடத்திலேயே பார்த்துச் சொல்வது அவள் வேலை. கறாரானவள் என்று பெயர் வாங்கியவள். அவளாலும் இதில் ஒரு குறை காண முடியவில்லை. படிக்கட்டுகள் விதிப்படி இருந்தன. மாடியில் முந்நூறு பேர் உட்காரும் சாப்பாட்டுக் கூடம். அதன் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறந்தன. உள்ளே இருப்பவர்கள் பயந்து நெருக்கினாலும் கதவு திறந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதிய விதி அது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. உள்ளே முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கக் கதவை ஒட்டிப் பெருங்கூட்டம், நம் ஊர் வழக்கப்படி. செல்வியும் அதில் ஒருத்தி. யாரோ உள்ளேயிருந்து கதவைத் தள்ளினார்கள். "பொறுங்க, பின்னால கூட்டம் நிக்கிது" என்று சத்தம் போட்டுக்கொண்டே செல்வி தன் தோளால் கதவை அழுத்திப் பிடித்தாள். ஒருவழியாகக் கதவு திறந்தபோது, புரையேறி மூச்சுத் திணறும் குழந்தையோடு ஒரு தாய் வெளியே ஓடினாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. செல்விக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ஊரார் கதவையெல்லாம் குறை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள், தானே ஒரு கதவை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்! அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் வெள்ளத்துரையைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அண்ணாச்சி, பந்திக்குக் காத்திருக்கிறவங்க உக்கார, கதவை விட்டுத் தள்ளி ஒரு அறை எடுங்க. கூடத்துச் சுவரை இடிச்சு உள்ள தள்ளிக் கட்டணும். ஒரு வரிசை மேசை குறையும்."

"இது எந்த விதியில இருக்கு மேடம்?"

"விதியில இல்ல."

"பொறவு? இப்பப் போய் இடிச்சா எம் மக கல்யாணத்துக்குள்ள மண்டபம் முடியாது. வேணும்னா கதவுகிட்ட ஒரு ஆளை நிறுத்துதேன்."

"பசியோட நிக்கிற கூட்டத்தை ஒரு ஆள் விலக்கிர முடியுமா?"

அவர் விடுவிடுவென்று எழுந்து போனார். அவள் கோப்பை நகர்த்தவில்லை.

வெள்ளத்துரை நேரே மேலதிகாரி ஞானராஜிடம் போனார். ஞானராஜ் கை சுத்தமானவர். செல்வியை அழைத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்ற ஆபத்து உண்மைதாம்மா. ஆனா விதியில இல்லாததை நாம கேக்க ஆரம்பிச்சா, நாளைக்கு இதே நாற்காலியில உக்காந்து இன்னொருத்தர் வேற எதையாவது கேப்பார். எதைக் கேப்பார்னு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றார். தன் பொறுப்பிலேயே கையெழுத்துப் போட்டுச் சான்றைக் கொடுத்துவிட்டார்.

இனி செல்வியால் எதையும் தடுக்க முடியாது. அன்று சாயங்காலம் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரணச் சேலையில் வெள்ளத்துரை வீட்டுக்குப் போனாள். அவர் முகம் கொடுக்கவில்லை. அவர் மனைவிதான் உட்காரச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன் அண்ணாச்சி. உங்க மக எந்தப் பந்தியில உக்காருவா?"

"மாப்பிள்ளையோட, சம்பந்தி பந்தியில."

"அப்ப கதவுக்கு வெளியில யாரு நிப்பா?"

"எங்க ஆளுகதான்."

சொன்ன பிறகுதான், மகளை உள்ளே வைத்துக் கதவை அடைத்து நிற்கப்போவது யார் என்று அவருக்கு உறைத்தது. செல்வி எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலை மண்டபத்து மாடியில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. கல்யாணம் கோயிலில் நடந்தது. சாப்பாடு திறந்த பந்தலில். மண்டபம் என்று சொல்லி வெயிலில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள். வினோதினி தாலி ஏறும்வரை அப்பாவோடு பேசவில்லை. அந்த மண்டபத்தில் இன்றுவரை தீப்பிடிக்கவில்லை. ஆகவே யார் சொன்னது பலித்தது என்று பார்த்தும் நீங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

விதிப்படி கையெழுத்திட்ட ஞானராஜ், விதிக்கு மேல் கேட்ட செல்வி, கட்டாயம் ஏதுமில்லாமல் சுவரை இடித்த வெள்ளத்துரை. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஞானராஜ் சொன்னது நியாயம். ஆனால் ஆபத்து உண்மைதான் என்று ஒப்புக்கொண்ட வாயால், சான்றைக் கொடுக்கும்போது வெள்ளத்துரையிடம் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. செல்வி கோப்பைப் பிடித்து வைத்தது தவறு. கையில் எந்த அதிகாரமும் இல்லாமல், அவமானப்படத் தயாராக அந்த வீட்டுக்குப் போனாளே, அதுதான் சரி. பெரிதாக இழந்தவர் வெள்ளத்துரை என்பதால் பலரும் அவரைத்தான் சொல்வார்கள். எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் முந்நூறு பேர் என்றபோது அவர் விதியைக் கேட்டார். மகள் என்றபோதுதான் கடப்பாரையை எடுத்தார். அந்த முந்நூறு பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான்.