மதிலைச் சுற்றிய கொளஞ்சியார்

பூங்குணத்தூர்க் குமரன் கோயிலில் வாடிய மாலைகளை அள்ளுவது கொளஞ்சியாரின் பணி. முதல் நாள் இறைவன் சூடிக் களைந்த பூக்களையும், மிதிபட்ட வெற்றிலைகளையும், கருகிய திரிகளையும் கூடையில் வாரித் தலையில் சுமந்து ஆற்றங்கரைக்குக் கொண்டு போவார். கூடையிலிருந்து வடியும் நீர் அவர் கழுத்தில் வழியும். துடைக்க மாட்டார். "சாமி குளிச்ச தண்ணி" என்பார். போகும்போதும் வரும்போதும் பாடிக்கொண்டே இருப்பார். மந்திரம் தெரியாத அவருக்குப் பாட்டுதான் பூசை.

ஐம்பத்திரண்டாம் வயதில் ஒரு காலை, கூடை தலையில் இருந்தபோதே அவர் நெஞ்சை அடைத்தது. காப்பீட்டு அட்டை இருந்ததால் மாவட்ட மருத்துவமனையில் அடைத்த இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினார்கள். பழுதான இதயம் வலுப்பெற, வாரம் மூன்று நாள் வீதம் மூன்று மாதம் அங்கே வந்து உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றார்கள். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். போகிற நாளில் கூலி கிடையாது.

கொளஞ்சியார் அரைவயிற்றோடு போய்வந்தார். அவரோடு வந்த மூட்டை தூக்கும் பூராசாமி மூன்றாம் வாரத்தில் நின்றுவிட்டார். "இங்க வந்து கையைக் காலை ஆட்டிக்கிட்டிருந்தா வீட்ல உலை யாரு வைக்கிறது? என்னை விட்ருண்ணே" என்றார். அடுத்த மாதம் சந்தையில், தூக்கவிருந்த மூட்டையின் மேலேயே சாய்ந்து இறந்துபோனார்.

அன்று கொளஞ்சியார் சந்நிதியில் நின்று வாய்விட்டு அழுதார். மறுநாள் பயிற்சி தரும் நஸ்ரினிடம் கேட்டார்: "டாக்டரம்மா, இங்க வர முடியாதவங்க எங்க ஊர்லயே நடந்தா ஆகாதா?"

"நான் டாக்டர் இல்ல, பெரியவரே" என்று சிரித்த நஸ்ரின், பிறகு யோசித்துச் சொன்னார்: "ஒவ்வொருத்தரையும் சோதிச்சு நான் எழுதிக் கொடுத்த பிறகு நடக்கலாம். மாசம் ஒருமுறை நானே வந்து பாக்குறேன். சமதளமா, நிழலா ஒரு இடம் வேணும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. பாட முடிஞ்சா வேகம் பத்தாது. நெஞ்சு வலிச்சா உடனே நின்னுடணும்."

சமதளமும் நிழலும் கோயில் பிராகாரத்தில் இருந்தன. கொளஞ்சியார் இறைவனிடம் மெல்லச் சொன்னார்: "அப்பா, இனிமே உன்னைச் சுத்தறப்ப பாட மாட்டேன். கோவிச்சுக்காதே."

நஸ்ரின் சோதித்து எழுதிக் கொடுத்த பின், அன்றாடங்காய்ச்சி நெஞ்சு நோயாளிகள் எட்டுப் பேர் விடியலில் அவரோடு பிராகாரத்தைச் சுற்றினார்கள். அடிமேல் அடி வைத்து, துதித்தபடி வலம் வருவதே அங்கே வழக்கம். இவர்களோ வாய் மூடி, கை வீசி விரைந்தார்கள். கோயில் நிர்வாகம் பார்க்கும் மணியக்காரர் தில்லைநாயகம் ஊரார் முன்னிலையில் கேட்டார்: "என்னய்யா கொளஞ்சி, சாமியைச் சுத்துறியா, சாமிகிட்டேருந்து தப்பிச்சு ஓடுறியா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொளஞ்சியார் தலைகுனிந்து நடந்தார்.

ஒருநாள் அவர்களில் ஒருவரான இட்லிக்கடை மரகதம் தலைசுற்றித் தூணடியில் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் தெளிந்துவிட்டார். ஆனால் மணியக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

"உள்ள ஒரு உசுரு போச்சுன்னா நடை சாத்தணும், பரிகாரம் பண்ணணும். திருவிழா வேற வருது. நெஞ்சு நோய்க்காரங்க நடக்கறேன்னு யாரும் உள்ள வரக் கூடாது. நீ கோயில் ஆளு, நீ மட்டும் நடந்துக்க."

"அவங்களை வாசல்ல நிக்க வச்சுட்டு எனக்குக் கால் எழும்பாதுங்க, ஐயா."

மறுநாள் முதல் அவர்கள் மதிலுக்கு வெளியே சுற்றினார்கள். பள்ளமும் சாக்கடையும் லாரிப் புகையும் நிறைந்த தெரு அது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நான்கு பேர் நின்றுவிட்டார்கள். மரகதம் மதிலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சாமிக்கே நாம வேணாம்போல இருக்கேண்ணே?" கொளஞ்சியாரின் கண்ணுக்குள் பூராசாமியின் முகம் வந்து நின்றது. "நடப்போம், தங்கச்சி" என்று மட்டும் சொல்லி, மரகதத்தின் மூச்சுக்கு ஏற்பத் தம் நடையைக் குறைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் காலை. குருக்கள் கருவறைப் பூட்டைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முதல் நாள் மாலை தம் கையால் உடுத்திய வெண்பட்டு, முழங்கால்வரை சேறு தெறித்துக் கிடந்தது. திருவடி விரல்களின் இடையில் தெருமணல். அவர் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த மணியக்காரர் பூட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

அப்போது மதிலுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது: "பாத்து வா மரகதம், அங்க பள்ளம்."

குருக்கள் தெற்கு வாசலுக்கு விரைந்து, பெரிய கதவைத் தாமே தள்ளித் திறந்தார். கொட்டும் மழையில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். ஐவர் உடையிலும் முழங்கால்வரை அதே சேறு.

"உள்ளே வாங்கோ, எல்லாரும் வாங்கோ" என்றார். "நீங்க வெளியில நடந்தா அவரும் வெளியிலதான் நடக்கறார். அவர் வஸ்திரத்தைத் துவைச்சு எனக்கு மாளாது."

கொளஞ்சியார் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதலில் மற்ற நால்வரையும் உள்ளே விட்டார். மணியக்காரர் தம் அலுவலறை விசுப்பலகையை இழுத்துவந்து, களைத்தவர் உட்காரத் தூணோரம் போட்டார். நின்றுபோன நால்வரையும் அழைத்துவர அன்றே ஆள் போயிற்று.

உடன் வருபவர் மூச்சுக்குத் தம் நடையை இசைத்த கொளஞ்சியாரின் பின்னே, நம் நெஞ்சும் சிறிது தூரம் நடக்கட்டும்.