பாய்களுக்குப் போட்ட நாடகம்

இந்த நாடகத்தை நான் பார்க்கவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

மண்டிக்குளம் திருவிழாவில் வருடந்தோறும் ஒரு குழு நாடகம் போடும். போன தடவை கூட்டம் பாதியிலேயே எழுந்து போய்விட்டது. கமிட்டித் தலைவர் குழுவைக் கூப்பிட்டார்.

"யார் பார்க்க வந்திருக்காங்கன்னு பார்த்து, அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி போடுங்க. இந்தத் தடவையும் ஒருத்தர் எழுந்து போனா, இனி உங்களுக்கு இந்த மேடை கிடையாது."

அந்தக் குழுவுக்கு வேறு மேடை இல்லை. அதனால் வாத்தியார் சடையாண்டி, ராஜா வேஷம் கட்டும் வெள்ளையப்பனையும் ஆர்மோனியக்கார ஒச்சுவையும் கூட்டிக்கொண்டு, திருவிழா அன்று மத்தியானமே திடலுக்குப் போனார்.

அந்த ஊரில் மத்தியானமே பாயையும் சாக்கையும் விரித்து இடம் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மூவரும் போனபோது திடல் நிறையப் பாய்கள். மனிதர் ஒருவரும் இல்லை.

"இவங்கதானா?" என்றான் வெள்ளையப்பன்.

முன்வரிசை கோரைப்பாய்கள் வசதியானவர்கள் என்றும், சாக்குகள் உழைப்பாளிகள் என்றும் வாத்தியார் விளக்கினார். பிறகு கவலையோடு கேட்டார். "பாய்க்கு என்னப்பா பிடிக்கும்?"

ஒச்சு யோசித்தான். "யாராவது படுத்தாப் பிடிக்கும்ணே."

அங்கேயே கதையை மாற்றினார்கள். போருக்குக் கிளம்பும் ராஜா முதல் காட்சியிலேயே படுத்துவிட்டார். படையெடுத்து வந்த எதிரியும் பக்கத்தில் படுத்துக்கொண்டான். சாக்குகள் மனம் கோணாதிருக்க ஓர் அறுவடைப் பாட்டு. அரண்மனை தீப்பற்றும் காட்சியை வாத்தியார் எடுத்துவிட்டார். குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள், பயப்படுவார்கள் என்றார்.

சாயங்காலம் திரை விலகியது. படுத்திருந்த ராஜா பதறி எழுந்தார்.

"வாத்தியாரே, பார்க்க வந்தவங்க மேல ஆளுங்க ஏறி உட்கார்ந்திருக்காங்க."

வாத்தியார் மேடை முன் வந்து கைகூப்பினார். எல்லாரும் தயவுசெய்து இறங்கிக்கொள்ள வேண்டும் என்றார்.

"நாங்க எந்திரிச்சா எங்க பாயா பார்க்கும்?" என்றாள் ஒரு பெண்.

"அவங்களுக்குத்தாம்மா போடுறோம்."

"அப்ப அதுவே பார்க்கட்டும்" என்று அவள் பாயை விட்டுவிட்டுக் கிளம்பினாள். கோபத்தில் ஊரே அப்படிக் கிளம்பியது. நாடகம் கடைசிவரை நடந்தது.

மறுநாள் தலைவர் வாய் திறப்பதற்குள் வாத்தியாரே ஒத்துக்கொண்டார். "அறுவடைப் பாட்டுல ஒருத்தர் எழுந்து போயிட்டாங்க. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுறோம். இனி மேடை வேண்டாம்."

பிறகு நான் மண்டிக்குளத்துக்கே போய் விசாரித்தேன். ஒரு பாய் வேலிவரை போனது உண்மை. காற்றில் சுருண்டது. அது தலைவர் வீட்டுப் பாய் என்பதும் உண்மை. தலைவர் சொல்லிக்கொடுத்துத்தான் அது எழுந்து போனது என்று குழுவில் இன்றும் சொல்கிறார்கள்.