மூடியில் ஒரு துளி

முன்னொரு காலம் என்றால் ரொம்ப முன்னால். கடலில் இருந்த மீனுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம். அப்போது ஜப்பான் தேசத்துக் கடலோரத்தில் மினாசே என்றொரு தீவு இருந்தது. முப்பது வீடு, ஒரு மலை, மலையுச்சியில் ஒரு கோயில், அவ்வளவுதான் ஊர். கோயிலில் சிலை கிடையாது. வட்டமான வெண்கலக் கண்ணாடி ஒன்று இருந்தது. மலைத்தெய்வம் அதில்தான் குடியிருந்தது. பூசாரி கன்பெய் தினமும் காலையில் மலையேறி அதைத் துடைப்பார். துடைத்த கண்ணாடி கடல்மேல் மினுங்கும். எவ்வளவு தூரம் போன படகும் அந்த மினுக்கைப் பார்த்துத்தான் வீடு திரும்பும்.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவு விழுந்த வீட்டார் ஐம்பது நாள் மலைக்குப் போகக்கூடாது. மலைவழியில் மூன்று சிவப்பு வாசல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கல்நரி காவல். தீட்டோடு தாண்டினால் கல்லாகிப் போவார்களாம். வழியோரம் பாசி பிடித்துக் கிடக்கும் கற்களைக் காட்டி, இவர் இன்னார் என்று பெயர்கூடச் சொல்வார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டை ஊராரைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள் ஒருத்தி. அவள் மூடுபனிக்காரி, கடலில் வசிக்கும் சூனியக்காரி. மனிதர் அழும் ஓலம்தான் அவளுக்குச் சோறு. ஓர் இலையுதிர் காலத்தில் ஐந்து பேர் ஒரே படகில் மீன் பிடிக்கப் போனார்கள். அவள் பனியை விரித்துப் படகைச் சுற்றி வளைத்தாள். ஒரு துடுப்பைப் பிடுங்கி, முறித்து, கரையில் ஒதுக்கிவிட்டாள். மிச்ச வேலையை ஊரே அவளுக்குச் செய்து கொடுத்தது.

முறிந்த துடுப்பைப் பார்த்து ஐவரும் போய்விட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. வெறும் சவப்பெட்டிகளுக்கு ஈமக்கடன் செய்தது. முப்பது வீடும் ஒன்றுக்குள் ஒன்று, பெண் கொடுத்தவர், எடுத்தவர். ஆகவே முப்பது வீட்டுக்கும் தீட்டு. பூசாரியின் தம்பி யசூவும் அந்தப் படகில்தான் போயிருந்தான். அப்புறம் மலையேற யார் மிச்சம்? கண்ணாடி மங்கியது, பனி தடித்தது, ஊர் அழுதது, பனிக்காரி வயிறாரத் தின்றாள்.

கயோ மட்டும் அழவில்லை. கடலடியில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண் அவள். அவள் கணவன் தோகுஜியும் அந்தப் படகில் போனவன். வெளியே போனவருக்கு வீட்டில் தினமும் ஒரு கிண்ணம் சுடுசோறு மூடி வைப்பது அங்கே வழக்கம். திறக்கும்போது மூடியின் உட்புறம் வேர்த்திருந்தால் போனவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். செத்தவருக்கு வைக்கும் சோற்றிலோ சாப்பிடும் குச்சிகளை நெட்டுக்குத்தாக நட்டு வைப்பார்கள். குச்சியை நடச் சொல்லி மாமியார் தோமே தினமும் கெஞ்சினாள். கயோ கேட்கவில்லை. அவள் மூடியைத்தான் பார்த்தாள். முதலில் மூடி முழுக்க வேர்த்தது. இருபதாம் நாள் ஏழெட்டுத் துளி. நாற்பதாம் நாள் காலையில் ஒரே துளி.

அவள் கிண்ணத்தோடு பூசாரியிடம் ஓடினாள். அழுது வீங்கிய கண்ணோடு கன்பெய், இன்னும் பத்தே நாள் பொறு, தீட்டு கழிந்ததும் நானே ஏறுகிறேன் என்றார்.

"அவங்ககிட்ட பத்து நாள் இல்லை ஐயா" என்றாள் கயோ. கிண்ணத்தைத் தன் தலைத்துணியில் கட்டிக்கொண்டு மலைவழியில் நடந்தாள்.

முதல் வாசலில் கல்நரி வாய் திறந்தது. "உன் வீட்டில் சாவு உண்டா?"

"ஊர் உண்டு என்கிறது. நான் பார்க்கவில்லை" என்றாள். தாண்டினாள். கணுக்கால் கல்லாய்க் கனத்தது.

இரண்டாம் வாசலிலும் நரி அதையே கேட்டது. பனிக்குள்ளிருந்து மாமியாரின் குரல், திரும்பி வந்துவிடம்மா, உன்னையும் கல்லாக்கக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை என்று அழுதது. கயோ குரல் வந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும், "ஊர் உண்டு என்கிறது. நான் பார்க்கவில்லை" என்றாள். முழங்கால்வரை கனத்தது.

மூன்றாம் வாசலிலும் அதே கேள்வி. இப்போது பனிக்குள் பேசியது தோகுஜியின் குரல். "கயோ, நான் செத்துட்டேன். எனக்காக ஒரே ஒரு தடவை அழு. அழுதுட்டு வீட்டுக்குப் போ."

நாற்பது நாள் அடக்கிய அழுகை தொண்டைக்கு வந்தது. கடலடியில் மூச்சை அடக்குவதுபோல் அவள் அதை அடக்கினாள். கிண்ணத்தைத் திறந்தாள். மூடி காய்ந்திருந்தது. ஒரு துளிகூட இல்லை.

"உன் வீட்டில் சாவு உண்டா?" என்றது நரி மறுபடியும்.

"தெரியாது" என்றாள் கயோ. "செத்திருந்தா நான் கல்லாகிறேன், அதோட போச்சு. உயிரோட இருக்கும்போது நான் இங்கேயே நின்னுட்டா, அவரைக் கொன்னது நானாகத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டுக் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். இத்தனை வருஷத்தில் இந்த வாசலில் தெரியாது என்று சொன்னவள் நீ ஒருத்திதான் என்று சொல்லிவிட்டுக் கல்நரி வாயை மூடிக்கொண்டது. கால் கனம் இறங்கியது.

கோயிலில் கையும் வாயும் கழுவி, அந்த ஊர் கும்பிடும் முறைப்படி இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டித் தன் பெயரைச் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் தலைத்துணியால் துடைத்தாள். பனி வந்து மூடியது. மறுபடி துடைத்தாள். மறுபடி மூடியது. மூன்றாம் முறை தன் முழு பலத்தையும் கொடுத்துத் துடைத்தாள். மினுக்கு எழுந்தது. மலையிலிருந்து கடல்வரை ஒளி ஒரு கோடு போட்டது. கோடு பட்ட இடமெல்லாம் பனி கிழிந்தது. மூடுபனிக்காரி அலறிக்கொண்டே வெறும் தண்ணீராகிக் கடலில் விழுந்தாள்.

உச்சி வெயிலில் படகு கரை சேர்ந்தது. மழைநீரும் பச்சை மீனுமாய் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த நால்வர் இறங்கினார்கள். ஐந்தாமவனைத் தூக்கி வந்தார்கள். மூன்று நாள் முன்பு மூச்சு நிற்கும்வரை யசூ மலை இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

தோகுஜி கிண்ணத்துச் சோற்றை மணலில் உட்கார்ந்தே சாப்பிட்டான். சோறு சில்லிட்டிருந்தது. வழியிலேயே அது ஆறிப்போனது, அதனால்தான் மூடி காய்ந்தது என்று அப்போதுதான் கயோவுக்கு உறைத்தது. அப்புறம் அழுதாள். ஆசை தீர அழுதாள். அதைத் தின்னக் கடலில் யாரும் இல்லை.

மறுநாள் காலை, தம்பியைப் புதைத்த கையோடு கன்பெய் மலையேறினார். முதல் வாசலில் நரி கேட்டது. "உன் வீட்டில் சாவு உண்டா?"

"உண்டு" என்றார் பூசாரி. "கடலில் படகும் உண்டு."

நரி வழி விட்டது. அன்றிலிருந்து மினாசேயில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மறுநாள் கண்ணாடி துடைக்கப் போவது அந்த வீட்டார்தான். கதை இங்கே கரை சேர்ந்தது, கேட்டவர்கள் இறங்கிக்கொள்ளலாம்.